மூன்று ஸ்ட்ரோக்கும் வீணா? நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழி

கேள்வி இதுதான்: நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில்தான் சக்தி கிடைக்கிறது. மீதி மூன்றும் அந்தச் சக்தியைத் தின்றுகொண்டுதானே இருக்கின்றன? அப்படியிருந்தும் இந்த ஏற்பாடு இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பாடப்புத்தகத்தில் வரும் நான்கு கட்டப் படத்தைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் வந்தே தீரும். அந்தப் படத்தில் பிஸ்டன் எங்கே போகிறது என்று தெரியும். காற்றுக்கு என்ன ஆகிறது என்று தெரியாது. பெட்ரோல் எஞ்சினைப் புரிந்துகொள்ள நான் கண்ட நேரான வழி, காற்றின் பின்னாலேயே போவது. காற்றை உள்ளே வாங்கி, அமுக்கி, சூடாக்கி, விரியவிட்டு, வெளியே தள்ளுகிற இயந்திரம் அது. பெட்ரோலின் வேலை அந்தக் காற்றைச் சூடாக்குவது மட்டும்தான்.

உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மூடிய குழாய் சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் போய்வருவது பிஸ்டன். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கனெக்டிங் ராடு வாங்கி, கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியாக மாற்றுகிறது. மிதித்து ஓட்டும் தையல் மெஷினில் கால்பலகையின் ஆட்டம் சக்கரத்தைச் சுற்றுவதும் இதே ஏற்பாடுதான். சிலிண்டரின் மூடியான ஹெட்டில் காற்று வர ஒரு வால்வு (இன்லெட்), புகை போக ஒரு வால்வு (எக்ஸாஸ்ட்), நடுவில் மின்பொறி தரும் ஸ்பார்க் பிளக். பல எஞ்சின்களில் வால்வுகள் இரண்டிரண்டாக இருக்கும், தத்துவம் மாறாது.

பிஸ்டன் ஒருமுறை கீழே போனால் ஒரு ஸ்ட்ரோக், திரும்ப மேலே வந்தால் இன்னொன்று. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு ஸ்ட்ரோக். நான்குக்கு இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவது இதனால்தான். கிராங்க் இரண்டு சுற்று முடிக்கும்போது ஒவ்வொரு வால்வும் ஒரே ஒருமுறை திறந்தால் போதும். இந்த இரண்டு ஷாஃப்டுகளையும் கட்டிப்போட்டிருப்பது டைமிங் செயின் அல்லது பெல்ட்.

இதைக் கையாலேயே உணர்ந்து பார்க்கலாம். குளிர்ந்திருக்கும் ஒரு சிலிண்டர் எஞ்சினில், மின்பொறி வராதபடி இக்னிஷனைத் துண்டித்து, பெட்ரோலையும் அடைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கிராங்கை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். முதலில் விரலில் லேசான இழுப்பு மட்டும் தெரியும். இன்லெட் வால்வு திறந்திருப்பதால் காற்று அந்த வழியாகத் தாராளமாக வருகிறது. அடுத்து பிஸ்டன் ஏறும்போது உள்ளே இருப்பது விரலைத் தள்ளும். எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஓரத்தில் புஸ்ஸென்று கசியும், கடைசியில் விரலைத் தூக்கிவிடும். மூன்றாவது ஸ்ட்ரோக்கில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. அதில் விரல் முன்னைவிடப் பலமாக உள்ளே இழுக்கப்படும். வால்வுகள் இரண்டும் மூடியிருக்கின்றன, காற்றோ முன்பே கசிந்துபோய்விட்டது, பிஸ்டன் மட்டும் இறங்குகிறது. நான்காவதில் ஒன்றும் தெரியாது, எக்ஸாஸ்ட் வால்வு திறந்து கிடக்கும். ஒரே துளை, ஒரே விரல், நான்கு விதமான உணர்வு. இதை ஒருமுறை செய்தவர்களுக்கு அந்த நான்கு படங்கள் பிறகு மறக்கவே மறக்காது.

சரி, ஓடுகிற எஞ்சினுக்குள் வருவோம்.

முதல் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இறங்குகிறது, இன்லெட் வால்வு திறந்திருக்கிறது. பிஸ்டன் காற்றை உறிஞ்சுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். நடப்பது என்னவென்றால், பிஸ்டன் இடம் விடுகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் தன் அழுத்தத்தால் காற்றை உள்ளே தள்ளுகிறது. இந்த வேறுபாடு வெறும் வார்த்தை அல்ல. வளிமண்டலம் எவ்வளவு தள்ளுமோ அவ்வளவுதான் எஞ்சினுக்குக் கிடைக்கும். மலை மேல் எஞ்சின் தளர்ந்துபோவதற்கும், காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ பொருத்தினால் அதே எஞ்சின் கூடுதல் பலம் காட்டுவதற்கும் காரணம் இங்கே இருக்கிறது.

பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எடையில் சொன்னால் இது மனதில் பதியாது. 1 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். அதற்குத் தேவையான காற்று கிட்டத்தட்ட 11 கிலோ. கொள்ளளவில் 9,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஒன்பதை வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துப் பாருங்கள். எஞ்சின் எதை அதிகம் தின்கிறது என்று அப்போது தெரியும். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சின் ஏன் அவ்வளவு திணறுகிறது என்பதும் புரியும்.

ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் கூடுதல் பெட்ரோல் போகிறது என்று பலரும் நம்புகிறார்கள். நாம் முறுக்குவது காற்றின் கதவை. த்ராட்டில் என்ற அந்தத் தகடு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு காற்று போகும். போகும் காற்றுக்குத் தகுந்த பெட்ரோலைக் கார்புரேட்டரோ இன்ஜெக்டரோ சேர்த்துவிடும். கார்புரேட்டரில் இதைக் காற்றே செய்துகொள்ளும்: குறுகிய கழுத்து வழியாக வேகமாகப் பாயும்போது அதன் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. இன்ஜெக்டர் உள்ள எஞ்சினில் சென்சார்கள் காற்றைக் கணக்கிட்டுச் சொல்ல, கம்ப்யூட்டர் சில மில்லிசெகண்டுகளுக்கு ஊசித்துளையைத் திறந்து மூடுகிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், கணக்கு சரியாக இருந்ததா என்று ஓயாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது ஸ்ட்ரோக். உங்கள் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது.

இரண்டு வால்வுகளும் மூடிக்கொள்ள, பிஸ்டன் ஏறி, உள்ளே வந்த கலவையைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. இதைத்தான் கம்ப்ரெஷன் ரேஷியோ 10 என்கிறோம். பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில் இது 9 முதல் 12 வரை இருக்கும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி காற்றடிக்கும்போது சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதுவேதான், ஆனால் பல மடங்கு கடுமையாக. நெருப்பு வைப்பதற்கு முன்பே கலவையின் வெப்பம் 400 டிகிரி செல்சியஸை நெருங்கிவிடும்; அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 15, 20 மடங்கு ஆகிவிடும்.

இதற்குச் சக்தி செலவாகிறது, உண்மை. ஆனால் அமுக்கிய காற்று சுருள்வில் மாதிரி. வாங்கிய வேலையில் பெரும்பகுதியை அடுத்த ஸ்ட்ரோக்கில் திருப்பித் தந்துவிடும். அதற்கு மேல் ஒரு பெரிய லாபம் உண்டு. சூடான வாயு விரியும்போதுதான் வேலை செய்கிறது. விரிய விரியக் குளிர்கிறது. இழந்த வெப்பம் கிராங்கில் சுழற்சியாக மாறுகிறது. பத்தில் ஒரு பங்கு இடத்தில் அடைத்துக் கொளுத்தினால், அந்த வாயுவுக்குப் பத்து மடங்கு விரிய இடம் கிடைக்கும். அமுக்காமல் கொளுத்தினால் கொஞ்சம் விரிந்து, வெப்பத்தை எல்லாம் தன்னிடமே வைத்துக்கொண்டு புகைக்குழாய் வழியாகப் போய்விடும்.

அமுக்காமல் ஓடிய எஞ்சினும் இருந்தது. 1860-ல் எத்தியேன் லெனுவார் செய்த எரிவாயு எஞ்சினில் அமுக்கமே கிடையாது. பாதித் தூரம் வரை கலவையை உள்ளே வாங்கி, அங்கேயே பொறி கொடுத்து, மீதிப் பாதியில் விரியவிட்டார். நீங்கள் வீண் என்று நினைக்கும் அமுக்கம் அதில் இல்லை; ஆனால் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 4 சதவீதத்தைத்தான் அது வேலையாக மாற்றியது. 1862-ல் அல்ஃபோன்ஸ் போ தெ ரோஷா என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கொளுத்துவதற்கு முன் முடிந்தவரை அமுக்க வேண்டும் என்று சொல்லி, நான்கு ஸ்ட்ரோக் வரிசையைக் காப்புரிமையில் எழுதிவைத்தார். எஞ்சினாகச் செய்து ஓட்டவில்லை. 1876-ல் ஜெர்மனியின் நிகோலவுஸ் ஒட்டோ அதைச் செய்து ஓட்டிக் காட்டினார். ரோஷா முன்பே எழுதியிருந்தது வெளிவந்ததால் 1886-ல் ஒட்டோவின் ஜெர்மன் காப்புரிமை செல்லாமல் போயிற்று. ஆனாலும் இந்தச் சுழற்சிக்கு ஒட்டோவின் பெயர்தான் நிலைத்தது. அது நியாயம்தான் என்பது என் எண்ணம். எழுதுவதற்கும் ஓடவைப்பதற்கும் நடுவில் நிறையத் தூரம் இருக்கிறது.

கணக்கிலும் இதைப் பார்க்கலாம். உராய்வும் வெப்ப இழப்பும் இல்லாத கற்பனை எஞ்சினில், இரண்டு மடங்கு அமுக்கினால் ஆற்றலில் 24 சதவீதம் வேலையாகும். ஐந்து மடங்குக்கு 47. பத்து மடங்குக்கு 60. நிஜ எஞ்சின்கள் இதில் பாதியைத் தாண்டுவதற்கே பெரும்பாடு பட வேண்டும். ஆனால் ஏறுமுகம் அதேதான்.

அப்படியானால் இருபது மடங்கு அமுக்கினால் என்ன? பெட்ரோல் அதற்கு விடாது. பொறி விழுந்து தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் இன்னும் எரியாத கலவை மேலும் நெருக்கப்பட்டுச் சூடாகி, தானாகவே ஒரே நொடியில் வெடித்துவிடும். மேட்டில் ஏறும்போது சில எஞ்சின்களில் கேட்கும் ‘கிணுகிணு’ சத்தம் அதுதான், நாக்கிங் என்பார்கள். ஆக்டேன் எண் குறிப்பது பெட்ரோல் இதை எவ்வளவு தாங்கும் என்பதைத்தான். அந்தப் பெட்ரோலில் ஆற்றல் அதிகம் என்று அதற்குப் பொருள் அல்ல. உங்கள் எஞ்சினுக்குச் சொல்லப்பட்டதைவிட உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பொதுவாக எந்தப் பயனும் இல்லை. நாக்கிங்கை அடக்க 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருளைக் கலப்பது. அந்த ஈயத்தை உலகம் முழுக்க வாகனப் பெட்ரோலிலிருந்து விலக்கி முடிக்க 2021 வரை ஆயிற்று.

மூன்றாவது ஸ்ட்ரோக்கைப் பற்றிச் சொல்லும்போது ‘வெடிக்கிறது’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். சரியாக ஓடும் எஞ்சினில் எதுவும் வெடிப்பதில்லை. பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், பல ஆயிரம் வோல்ட்டில் ஒரு பொறி. அங்கிருந்து ஒரு தீ உருண்டை பெரிதாகிக்கொண்டே போய்ச் சுவரைத் தொடுகிறது. எரிதல்தான், ஆனால் வேகமான எரிதல்.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? சாதாரண அறை வெப்பத்தில் அசையாமல் இருக்கும் பெட்ரோல் கலவையில் தீ நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான் நகரும். அந்த வேகத்தில் 3 சென்டிமீட்டரைக் கடக்க 75 மில்லிசெகண்ட் வேண்டும். 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைப்பதே 10 மில்லிசெகண்ட்! எஞ்சினைக் காப்பாற்றுவது கொந்தளிப்பு. குறுகிய வால்வு வழியாகச் சீறி வந்த காற்று உள்ளே சுழன்று புரண்டுகொண்டிருக்கிறது. அது தீயைக் கிழித்து மடித்து நாலாபுறமும் இழுத்துச் செல்ல, வேகம் நொடிக்கு 20, 30 மீட்டர் வரை போய்விடுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்றக் காற்றும் வேகமாக வருகிறது, கொந்தளிப்பும் கூடுகிறது, தீயும் அதற்கு ஈடாக விரைகிறது. இந்த ஒரு பொருத்தம் மட்டும் இயற்கையில் அமையாமல் போயிருந்தால் வேகமாகச் சுற்றும் பெட்ரோல் எஞ்சின் என்று ஒன்று இருந்திருக்காது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

அப்படி விரைந்தும் தீக்கு இரண்டு மில்லிசெகண்டாவது தேவை. அதனால் பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி கொடுத்தால் காலம் கடந்துவிடும். உச்சிக்கு 10, 20, சில நேரம் 30 டிகிரிக்கு முன்பே பொறி விழுகிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் தள்ளு நன்றாக வாங்கப்படும். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது அந்த அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 50 மடங்கைத் தொடும். 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் தலையில் அந்த நொடியில் இறங்கும் பாரம் 1,200 கிலோவுக்கு மேல்.

தீயின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அது உருகாமல் இருப்பதற்குக் காரணம், தீ இருக்கும் நேரம் மிகக் குறைவு. அடுத்த சுற்றில் குளிர்ந்த கலவை வந்து தொடுகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், ஆயிலுக்கும் வெப்பம் போய்க்கொண்டே இருக்கிறது. உலோகத்தை ஒட்டிய மெல்லிய வாயுப் படலம் ஒரு போர்வை போலக் காக்கிறது. நாக்கிங்கின் அதிர்வு இந்தப் படலத்தைக் கலைத்துவிடும். நாக்கிங்கோடு நெடுநேரம் ஓட்டிய எஞ்சினில் பிஸ்டன் தலை ஓட்டை விழுவது இப்படித்தான்.

நான்காவது ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஏறி, எரிந்த வாயுவை வெளியே தள்ளுகிறது. தள்ளுவதற்கு முன்பே பாதிக்கு மேல் தானாகப் போய்விடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மூன்றாவது ஸ்ட்ரோக் முடிய 40, 50 டிகிரி இருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும். உள்ளே இன்னும் சில மடங்கு அழுத்தம் மிச்சமிருப்பதால் வாயு பீறிட்டு வெளியேறும். சைலன்சர் இல்லாத எஞ்சினின் காதைப் பிளக்கும் ஓசை அந்தப் பீறிடல்தான். கடைசிச் சில டிகிரி தள்ளலை விட்டுக்கொடுத்து, திரும்பி ஏறும் பிஸ்டனின் சுமையைக் குறைத்துக்கொள்ளும் பேரம் இது.

காற்றுக்கும் எடை உண்டு, கிளம்பவும் நிற்கவும் அதற்கு நேரம் வேண்டும். இதை மறந்தால் வால்வு டைமிங் புரியாது. இன்லெட் வால்வு, பிஸ்டன் அடியைத் தொட்ட பிறகும் 40, 50 டிகிரி வரை திறந்தே இருக்கும். பிஸ்டன் ஏறத் தொடங்கியும், ஓடிவந்த வேகத்தில் காற்று இன்னும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் உச்சியில் இரண்டு வால்வுகளும் சிறிது நேரம் ஒருசேரத் திறந்திருக்கும். வெளியே ஓடும் புகையின் வேகமே புதுக் காற்றை இழுத்துவரும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறால். ஹெட்டைக் கழற்றி மாட்டும்போது டைமிங் செயினை ஒரே ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டேன். எஞ்சின் பெரும்பாடு பட்டு ஸ்டார்ட் ஆனது, ஐட்லிங்கில் நிற்கவில்லை, முறுக்கினால் இழுவையும் இல்லை. பொறி சரி, பெட்ரோல் சரி, ஒருநாள் முழுக்கத் தேடினேன். கேம் ஷாஃப்டின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 30 பற்கள் இருந்தால் ஒரு பல் என்பது 12 டிகிரி. கிராங்க் இரட்டை வேகம் என்பதால் அங்கே அது 24 டிகிரி. காற்று வர வேண்டிய கதவுகள் எல்லாம் அவ்வளவு தாமதமாகத் திறந்து மூடினால் எஞ்சின் எப்படி ஓடும்? குறியோடு குறியைப் பொருத்தி மாட்டியதும் முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. தள்ளல் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டனே வால்வில் மோதிவிடும். அதன் பிறகு குறியை இருமுறை பார்க்காமல், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல், நான் எதையும் மூடுவதில்லை.

இனி நீங்கள் கேட்ட மீதி: சக்தி தராத மூன்று ஸ்ட்ரோக்குகளை ஓட்டுவது யார்? கிராங்கோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல். மூன்றாவது ஸ்ட்ரோக்கில் கிடைத்ததில் ஒரு பகுதியைத் தன் சுழற்சியில் சேர்த்துவைத்து, மற்ற மூன்றுக்கும் அது கொடுக்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கும் முன் சேமிப்பு ஏதும் இல்லாததால்தான் கிக்கரோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ தேவைப்படுகிறது. முதல் இழுப்புக்கும் முதல் அமுக்கத்துக்கும் வெளியிலிருந்து யாராவது சக்தி கொடுக்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஏதோ ஒரு சிலிண்டர் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் ஃப்ளைவீலின் சுமையும் குறைகிறது, ஓட்டமும் மென்மையாகிறது.

உண்மையான இழப்பைத் தேடினால் அது வேறு இடங்களில் இருக்கிறது. பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு போகிறது. இன்னொரு பெரும் பங்கு ரேடியேட்டரிலும், எஞ்சினின் வெளிப்புறத்தில் வெப்பத்தை வெளியேற்றும் துடுப்புகளிலும் காற்றோடு கலக்கிறது. சாதாரண ஓட்டத்தில் இன்னொன்றும் உண்டு. த்ராட்டிலைப் பாதி மூடி மெதுவாகப் போகும்போது, பிஸ்டன் அழுத்தம் குறைந்த அரைகுறை வெற்றிடத்தை எதிர்த்துத்தான் ஒவ்வொரு முறையும் இறங்குகிறது. முதல் ஸ்ட்ரோக்கில் வீணாகும் சக்தி என்று சொன்னால் இதைச் சொல்லலாம். டீசல் எஞ்சின் காற்றை இப்படி நெரிப்பதில்லை, டீசலின் அளவை மட்டும் மாற்றுகிறது. அது சிக்கனமாக ஓடுவதற்கு அதன் உயர்ந்த அமுக்கத்தோடு இதுவும் ஒரு காரணம்.

எரிந்த காற்று கடைசியில் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்; சூடாகி, விரிந்து, பிஸ்டனைத் தள்ளிவிட்டு, பெரும்பாலும் வந்தபடியே போய்விடும். ஆக்ஸிஜன் மட்டும் பெட்ரோலோடு சேர்ந்து போகிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீரும் உண்டாகின்றன. எஞ்சின் சூடேறிய பிறகு அந்தத் தண்ணீர் ஆவியாகவே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்திருக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் சைலன்சர் நுனியைப் பாருங்கள். அங்கே சொட்டுவது அந்தத் தண்ணீர்தான்.